மின்வெட்டும் பேராசிரியரும்

அந்தப் பேராசிரியரை எனக்குப் பிடிக்காது. செத்துப்போன மனிதரைப் பற்றி எழுதும்போது இப்படித் தொடங்கக் கூடாது என்று அக்கா சொன்னாள். அவர் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே சொன்னதுதான் இது. அதனால் இப்போது எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

அவர் சாதாரண ஆள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தரவுத்தளம் என்ற சொல் எங்கள் பாடப்புத்தகங்களுக்கு வருவதற்கு முன்பே அந்தத் துறையில் பெயர் எடுத்தவர். வெளிநாட்டில் படித்தார். அங்கேயே ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தார். ஒரே நேரத்தில் பல பேர் ஒரு கணினியிடம் வேலை சொன்னால் அது குழம்பாமல் செய்வது எப்படி என்று அவர் எழுதிய கட்டுரைகளை இன்றும் படிப்பிக்கிறார்கள். நானும் படிப்பிக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் பதுளை ரயில். ஜன்னலோர இருக்கை ஒன்றைக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஒருவரும் கண்டியில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். இருக்கையை ஒதுக்குவது, பெயரைப் பதிவது, டிக்கட் அடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு வேலை. நடந்தால் முழுதாக நடக்க வேண்டும். பாதியில் நின்றால் தொடங்கவே இல்லை என்பது போல ஆகிவிட வேண்டும். இந்த முழு வேலைக்குத்தான் ட்ரான்சாக்‌ஷன் என்று பெயர். கேட்க லேசாக இருக்கும். இதற்காக வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர் ஒருவர். நான் இன்னொருத்தி.

கம்பஸ் முடித்த கையோடு அவரிடம் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் அவருடைய அறைக்குப் போனபோது கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"எங்க வீடு?"

"கொட்டாஞ்சேனை, சேர்."

"சொந்த இடம்?"

"கொட்டாஞ்சேனைதான் சேர்."

"அதில்லை. தகப்பன்ர ஊர் எது?"

"அவரும் கொட்டாஞ்சேனையில பிறந்தவர்தான். ஹாபர்ல கிளார்க்கா இருக்கிறார்."

அவர் சாய்ந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உமக்கு ஊரே இல்லை" என்றார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருக்கு வீடு. பிறந்தது யாழ்ப்பாணம். கொழும்பில் பிறந்து, கொழும்பிலேயே ஞானஸ்நானம் எடுத்து, சிங்களவர், முஸ்லிம்கள், பரவர், பறங்கியர் எல்லோரோடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த எங்களைப் போன்ற ஆட்களை அவர் தமிழரின் கணக்கில் சேர்த்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் தமிழைத் திருத்துவது அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. நான் "என்ட" என்றால் "என்ர" என்பார். "நின்டு" என்றால் "நிண்டு" என்பார். அவருடைய தமிழும் புத்தகத் தமிழ் இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அந்த வருடம் மலைநாட்டில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு வந்தது. அறிவித்த நேரத்திலும் போகும், அறிவிக்காத நேரத்திலும் போகும். எங்கள் ஆய்வுகூடம் பழைய கட்டிடத்தில் இருந்தது, ஜெனரேட்டர் இல்லை. பரிசோதனைக்காக நான் ஓடவிட்டிருந்த தரவுத்தளம் ஒவ்வொரு பின்னேரமும் ஏதோ ஒரு வேலையின் நடுவில் செத்துப்போகும்.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு அப்போதே வழி இருந்தது. எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்னும் அதைப் பற்றி ஒரு குறிப்பைக் கணினி எழுதி வைக்கும். அதை லொக் என்போம். கரண்ட் திரும்பி வந்ததும் அந்தக் குறிப்புகளைப் படித்து, பாதியில் நின்ற வேலைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழித்துக்கொண்டு வரும். வெளிநாட்டில் எழுதப்பட்ட புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டன. அவர்களுக்குக் கரண்ட் எப்போதாவதுதான் போகும். எங்களுக்கோ அப்படி அழித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் போகும். மூன்றாம் முறை எழும்பும்போது, எதை அழித்தோம், எதை அழிக்கவில்லை என்று கணினிக்குத் தெரியாது. ஒரே இருக்கையை இரண்டு தரம் விடுவித்துவிடும். ஒரே ஜன்னலோரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

நான் இதைக் கண்டது கெட்டித்தனத்தால் அல்ல. திரும்பத் திரும்ப அந்த இயந்திரத்துக்கு முன்னால் இருந்து வேர்த்ததால். பிறகு அது எனக்கு வெறியாகிவிட்டது. கரண்ட் போகாத நாட்களில் நானே பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அழிப்பதையும் ஒரு வேலையாகக் கருத வேண்டும். ஒரு மாற்றத்தை அழிக்கும் முன் அதற்கும் லொக்கில் குறிப்பு எழுத வேண்டும். அடுத்து எதை அழிக்க வேண்டும் என்பதையும் அதே குறிப்பில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் செய்தால் எத்தனை தரம் கரண்ட் போனாலும் கணினி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எழுதிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"கரண்ட் போறதை வச்சு ஆரும் விஞ்ஞானம் செய்யிறேல்லை" என்றார்.

"இங்க போகுது சேர்."

"அப்ப கரண்ட்காரனுக்கு எழுதும். எனக்கு ஏன் எழுதுறீர்?"

தாள்களைத் திருப்பித் தரவில்லை. மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வேறு ஒன்றைப் படிக்கத் தொடங்கினார். நான் வெறுங்கையோடு வந்தேன்.

பல மாதம் கழித்து, கொழும்பில் கடலோர ஹொட்டல் ஒன்றில் சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. வரவேற்பு மேசையில் இருந்து வருகிறவர்களுக்கு மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியைக் கொடுப்பது எனக்கு விடப்பட்ட வேலை. காலையில் ஆட்கள் குறைவாக இருந்தபோது தொகுதியைப் புரட்டினேன். அவருடைய கட்டுரை இருந்தது. மின்வெட்டுக்குப் பிறகான மீட்சியின் நடுவே மறுபடியும் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது பற்றி. என்னுடைய படமே இருந்தது. நான் பென்சிலால் கீறியதை யாரோ அழகாகக் கணினியில் வரைந்திருந்தார்கள். பெயர் அவருடையது மட்டும். கடைசிப் பக்கத்தின் அடியில், ஆய்வுகூட உதவியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி.

மண்டபத்துக்கு வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்றவரிடம் போனேன்.

"சேர், இதுல என்ட பேர் இல்ல."

"என்ர பேர்" என்றார். அந்த நேரத்திலும் என் தமிழைத்தான் திருத்தினார்.

"இந்த வழி நான் கொண்டுவந்தது சேர்."

"நீர் ஒரு கேள்வி கொண்டுவந்தனீர். நான் பதில் எழுதினனான். கேள்வி கேட்டவைக்குப் பேர் போடுற வழக்கம் இல்லை."

"பதிலும் அந்தத் தாள்ல இருந்தது."

"இருந்தது கிறுக்கல். அது சரி எண்டு நான் நிறுவிக் காட்டினன். விளங்குதே? போய் மேசையில இரும். ஆட்கள் வருகினம்."

நான் போய் மேசையில் இருந்தேன். வந்தவர்களுக்குத் தொகுதியைக் கொடுத்தேன். சிரித்தேன். அதே நேரம் அவருடைய கட்டுரையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றேன். வேகம் கூட்டுவதற்காக ஒரு சிறிய மாற்றம் செய்திருந்தார். நான், முதலில் குறிப்பு எழுது, பிறகு அழி என்று எழுதியிருந்தேன். அவர் முதலில் அழி, பிறகு எழுது என்று ஆக்கியிருந்தார். அதை ஓடவிட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. ஓடவிட்டிருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் கண்டிருப்பார்.

அவர் மேடையேறியதும் மேசையை அப்படியே விட்டுவிட்டு மண்டபத்துக்குள் போனேன். பேசி முடித்தார். பெரிய பேச்சாளர், அதையும் சொல்ல வேண்டும். கேள்விகள் உண்டா என்று தலைவர் கேட்டபோது நான் கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"அழித்த பிறகு, குறிப்பு எழுதுவதற்கு முன்னால், அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அது மிகமிகச் சிறிய இடைவெளி" என்றார்.

"நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எல்லா இடைவெளியிலும் போகிறது. அதே இருக்கை இரண்டாம் தரமும் விடுவிக்கப்படும். உங்கள் நிறுவலின் இரண்டாம் படி அங்கே உடைகிறது."

யாரோ சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டுரையை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பேராசிரியர் பலகையில் எதையோ எழுதத் தொடங்கி, நிறுத்தி, அழித்தார். நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் சொன்னார். நேரம் முடியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

மாத முடிவில் என் நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. துறைக் கந்தோரில் கடிதங்களைப் பார்க்கும் மிஸ் என் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னாள். அதை வீட்டில் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை காலை அப்பா, கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போனார். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்தவர் சட்டையைக் கழற்றாமலே மேசையில் இருந்தார்.

"எங்க போனீங்க?"

"வெள்ளவத்தைக்கு. அந்த மனுஷன்ட வீட்டுக்கு."

"ஏன்?"

"மன்னிப்புக் கேக்க. வேறென்னத்துக்கு? உன்ட வேலையத் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் கேக்க."

அம்மா குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றாள்.

"என்ன சொன்னார்?" என்று அம்மாதான் கேட்டாள்.

"கேட்டைத் திறக்கல்ல. அவர் உள்ளுக்கு நின்டு கதைச்சார். நான் ரோட்ல நின்டேன். ஹாபர்காரன்ட பிள்ளைக்கு இவ்வளவு வாய் எங்கால வந்தது என்டு கேட்டார்." அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியாத்தானே கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் முன்னால அந்த மனுஷன அப்படிக் கேக்க உனக்கு யார் சொன்னது?"

அவருக்குக் கோபம் என் மீதுதான் இருந்தது, பேராசிரியர் மீது இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. கட்டுரை விஷயத்தை நான் காலப்போக்கில் விட்டிருக்கவும் கூடும். துறையில் இப்படி நடக்காத இடமே இல்லை. ஆனால் காலி நகருக்குப் போகும் பெருவீதியின் வெயிலில் பஸ் மாறி மாறிப் போய், மூடிய கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவை என்னால் விட முடியவில்லை.

பிறகு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டரைச் சனல் பண்ணும், அதாவது பார்க்க முன்பதிவு செய்யும், நம்பர்களைக் கொடுக்கும் முறைமையை எழுதும் வேலைக்குப் போனேன். அங்கேயும் அதே பிரச்சினைதான். ஒரே நம்பரோடு இரண்டு நோயாளிகள் வந்து சண்டை பிடிப்பார்கள். என் வழியை அங்கே முதல் தடவையாக உண்மையான ஆட்கள் மேல் ஓடவிட்டேன். சண்டைகள் நின்றன. அந்த வேலையை எழுதி அனுப்பியதில் வெளிநாட்டில் புலமைப்பரிசில் கிடைத்தது. அங்கே இருந்து, மீட்சி முறைகள் பற்றி என் பெயரில் எழுதினேன். நன்றாகப் போனது. பிற்பாடு சில பெரிய கம்பனிகள் தங்கள் மென்பொருளில் அந்த வழியைப் போட்டன. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அறிமுகப்படுத்தும்போது முன்னோடி என்று சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒருத்தி வெள்ளவத்தைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். கேட்டுதா என்று.

அப்பா நான் அங்கே இருந்தபோதுதான் இறந்தார்.

நான் ஏன் திரும்பி வந்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அம்மா தனியாக இருந்தாள் என்று சொல்லுவேன். அது உண்மை. பேராசிரியர் இன்னும் அந்தத் துறையில் இருந்தார் என்பதும் உண்மை. விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் எனக்கு எதிரே அவர் இருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்கள் என்னை எடுத்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட அறை அவருடைய அறையிலிருந்து மூன்று கதவு தள்ளி இருந்தது.

அதன் பிறகு அவர் என்னோடு தமிழில் கதைப்பதை நிறுத்திவிட்டார். கூட்டங்களில் ஆங்கிலம், கந்தோரில் சிங்களம். நடைபாதையில் எதிர்ப்பட்டால் சுவரில் இருக்கும் அறிவித்தல் பலகையைப் படிப்பார். துறையில் தமிழர் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். சித்திரைப் புதுவருடத்துக்குக் கன்டீனில் கிரிபத் என்ற பாற்சோறு வைத்தபோது, நல்ல மனிதரான சிங்கள விரிவுரையாளர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அவர் பக்கத்தில் இருத்தினார். "தென்னம எகம கட்டிய நே" என்றார். இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தானே என்று அர்த்தம். பேராசிரியர் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். பாவம், அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் நடத்திய ஒவ்வொரு கருத்தரங்குக்கும் போனேன். முன் வரிசையில் இருந்து கேட்டேன். தவறான கேள்வி ஒன்றும் கேட்டதில்லை. ஒரு கட்டத்தில் அவர் கருத்தரங்கு வைப்பதையே விட்டுவிட்டார்.

யுத்தம் கடுமையாக இருந்த காலத்தில் ஒரு நாள், ஏதோ ஒரு அமைச்சில் கூட்டம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் கம்பஸ் வானில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். தெமட்டகொடையில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்த பொலிஸ்காரர் என்னுடையதை உடனே திருப்பித் தந்தார். பிறந்த இடம் கொழும்பு. அவருடையதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கச் சொன்னார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் நிலையத்துக்கு வர வேண்டும், விசாரிக்க வேண்டும் என்றார்.

என்னைப் பார்த்து, "இந்த ஆளைத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெரியும். எங்கள் பேராசிரியர். நாட்டில் இந்தத் துறையில் பெரிய ஆள்" என்றேன்.

"அப்படியென்றால் நீங்களும் வாங்க. உறுதிப்படுத்திவிட்டுப் போகலாம்."

பொலிஸ் நிலையத்தில் ஒரே நீளமான மர வாங்கில் எங்களை இருத்தினார்கள். கம்பஸுக்கு டெலிபோன் எடுத்தார்கள், யாரும் எடுக்கவில்லை. வெகு நேரம் இருந்தோம். ரயில்வே யார்ட்டில் எஞ்சின்கள் முன்னும் பின்னும் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"நீர் போயிருக்கலாம்" என்றார். பல வருடத்துக்குப் பிறகு தமிழ்.

"ஓம்."

"நன்றி சொல்லுவன் எண்டு நினையாதேயும்."

"நான் நினைக்கல்ல சேர். தெரியுமா என்டு கேட்டாங்க. தெரியும் என்டேன். அவ்வளவுதான்."

இதை விட்டால் இனிச் சந்தர்ப்பம் வராது என்று எனக்குத் தோன்றியது.

"எங்கட அப்பாவக் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுக் கதைச்சீங்களே சேர். அது ஏன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆர்?"

"எங்கட அப்பா. ஹாபர் கிளார்க். என்ட வேலைக்காக உங்கட வீட்டுக்கு வந்தார்."

"உம்மட தகப்பனை நான் கண்டதே இல்லை."

அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். பொய் இல்லை. மறந்துவிட்டார். எத்தனையோ வருடமாக நான் தினமும் எடுத்துப் பார்த்த அந்தச் சனிக்கிழமை அவரிடம் இல்லவே இல்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"எனக்கு உங்களப் பிடிக்காது சேர்" என்றேன்.

"அது எனக்கு அந்த ஹொட்டலிலயே தெரியும்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா நீர் கேட்ட கேள்வி சரி. அண்டைக்கு இரவே நான் போட்டுப் பார்த்தனான். உடையத்தான் செய்யுது."

"அப்ப ஏன் யாருக்கும் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா அது உம்மட பேப்பர் ஆகியிருக்கும்."

அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் வாங்கின் மற்ற முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

பின்னேரம் கம்பஸிலிருந்து ஆள் வந்தது. பொறுப்பதிகாரி எங்களைக் கூப்பிட்டு, சம்பிரதாயத்துக்காக அவரிடம் என்னைக் காட்டி, இவ எப்படி என்று சிரித்துக்கொண்டு கேட்டார். "ஹொந்த ளமயா. கட்ட விதராய் நரக" என்றார் பேராசிரியர். நல்ல பிள்ளை, வாய் மட்டும்தான் கூடாது. எனக்கு அப்போது நாற்பது வயதாகிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வானில் அவர் முன்னால், நான் பின்னால்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஏதோ இளகியது என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வருடமே என் பேராசிரியர் பதவி உயர்வு அவருடைய மேசைக்கு வந்தது. என் ஆய்வு பிளம்பர் வேலை, ஒழுகுகிற இடத்தை அடைப்பதே தவிர அறிவியல் இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார். அடுத்த தடவை அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அது கிடைத்தது. அவருக்கு வைத்த பிரியாவிடை விருந்துக்கு நான் போகவில்லை.

போன வருடம் இறந்தார். உடலை அஞ்சலிக்காகப் பொரளையில் மலர்ச்சாலை ஒன்றில் வைத்திருந்தார்கள். போவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. என் மாணவர்கள் போனார்கள், அவர்களோடு போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"மிஸ், நீங்கள் இரண்டு வார்த்தை கதைக்க வேணும். அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் வடிவாத் தெரியாது."

"நான் கதைச்சா உங்களுக்குப் பிடிக்காது."

"பரவாயில்லை மிஸ். தெரிஞ்ச ஆள் நீங்கள் மட்டும்தான்."

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் அவருடைய இளமைக்கால வேலையைச் சொன்னேன். இரண்டு பேர் ஒரே இருக்கையைக் கேட்கும்போது யார் காத்திருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவருமே காலமெல்லாம் காத்திருக்காமல் செய்வது எப்படி என்று இந்த நாட்டவர் ஒருவர் முதலில் எழுதினார், அது அவர்தான் என்றேன். அவ்வளவு சுத்தமான நிறுவலை நான் வேறு எங்கும் படித்ததில்லை என்றும் சொன்னேன். அது உண்மை. பிறகு, மின்சாரம் போகும்போது தரவுத்தளம் எழும்புவது பற்றிய கட்டுரை அவருடையது என்று பத்திரிகையில் வந்திருந்த இரங்கல் குறிப்பு பிழை என்றேன். "அது என்னுடையது. அவர் எடுத்துக்கொண்டார். எடுத்ததைப் பிழையாகவும் எழுதினார். பிழை என்று அவருக்கே தெரியும். என்னிடம் சொன்னார்."

மண்டபத்தில் கதிரைகள் அசைந்தன. யாரோ இருமினார்கள். மகனின் முகம் இறுகிவிட்டது. "போதும் மிஸ்" என்றார். எனக்கும் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அவருடைய மனைவி என்னை மறித்தார். அந்த அம்மாவை நான் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. வெள்ளைச் சேலை, மெலிந்த கை. பின்னால் நின்ற பெண் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டார்.

"நீர்தானே அவள்?"

எனக்கு விளங்கவில்லை.

"எங்கட வீட்டில உம்மட பேரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எண்டுதான் சொல்லுவார். அவள் இண்டைக்கு இப்பிடிக் கேட்டாள். அவள் இப்பிடி எழுதியிருக்கிறாள். சாப்பிடேக்கையும் அதுதான், கோயிலுக்குப் போகேக்கையும் அதுதான். நான் சமைச்சதைப் பற்றி அந்த மனுஷன் ஒரு சொல் சொன்னதில்லை. உம்மட பேப்பர் வந்த அண்டைக்குச் சாப்பிட மாட்டார். பென்ஷன் எடுத்த பிறகும் மகனைக் கொண்டு கொம்பியூட்டரில எடுப்பிச்சு வாசிச்சவர்."

"எனக்குத் தெரியாது அம்மா."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறீர்? உம்மோட சண்டை பிடிக்கிறதுக்கே காலமை எழும்பின மனுஷன். எனக்கும் பிள்ளையளுக்கும் கிடைச்சது மிச்சம்தான்." அவருடைய கண்ணில் தண்ணீர் இல்லை. "எனக்கு உம்மைக் காணவே விருப்பமில்லை. இனி எங்கட வீட்டு நல்லது கெட்டதுக்கு வராதேயும்."

"வரமாட்டேன்."

"போம்."

நான் போனேன். மாணவர்கள் வெளியே வான் பக்கத்தில் காத்திருந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறக்கிவிடச் சொன்னேன்.

அந்த அம்மா சொன்னதை நினைத்து நான் நெகிழ்ந்தேன் என்று யாராவது எதிர்பார்த்தால், இல்லை. என்னைப் பற்றி அவ்வளவு யோசித்த மனிதர், பொலிஸ் நிலையத்து வாங்கில் ஒரு நல்ல வார்த்தைக்கு எவ்வளவு நேரம் இருந்தும் சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது. என் உழைப்பின் மதிப்பு அவருக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பிளம்பர் வேலை என்று எழுதியிருக்கிறார். முன்பு தெரியாத்தனம் என்று கொஞ்சம் தள்ளிவிட இடமிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அடுத்த வாரம் நேர அட்டவணைப்படி அவருடைய இளமைக்கால நிறுவல்தான் பாடம். பலகை நிறைய எழுதி, ஒரு படி விடாமல், அவருடைய பெயரைச் சொல்லியே படிப்பித்தேன். பின் வரிசையில் ஒருவன் ஒரு படியைச் சந்தேகப்பட்டுக் கேட்டான். அது சரி, உடையாது என்று விளக்கினேன். அவன் ஒத்துக்கொள்ளும்வரை விடவில்லை. வகுப்பு முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவர் போன பிறகு கோபம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. முன்பாவது அதைக் கொண்டுபோய்க் காட்ட மூன்று கதவு தள்ளி ஓர் ஆள் இருந்தது.